அம்மனை ரிவர்ஸில் இறக்கியவன்

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு டிவிசன். கீழ் டிவிசனில் கோயில், பள்ளிக்கூடம், கடை, தார் ரோட்டு, நான். மேல் டிவிசனில் காற்று, பனிமூட்டம், என் மாமியார் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு ரோட்டு இருப்பதாகத் தோட்டத்து வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கோடு போட்ட வெள்ளைக்காரன் குதிரையில் போனவன். குதிரைக்கு அந்தப் பாதை பிடித்திருக்கலாம்.

எனக்குத் தொழில் கெப் ஓட்டுவது. கெப் என்றால் முன்னால் இரண்டு பேர், நெருக்கினால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய காட்டு வண்டி. லீக்ஸ் மூட்டை, கேஸ் சிலிண்டர், சீமெந்து, கல்யாணப் பெண், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர், ஆஸ்பத்திரியில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிற அதே கிழவர் என்று எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறேன். மழைக்காலத்தில் மேல் டிவிசனுக்கு ஏறுகிற ஒரே வண்டி என்னுடையதுதான். இதை நான் பலரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

வருஷா வருஷம் திருவிழாவுக்கு அம்மன் கீழ் டிவிசன் கோயிலிலிருந்து புறப்பட்டு மேல் டிவிசனுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கும் முன்னால் நின்று ஆராத்தி வாங்கிக்கொண்டு திரும்பி வரும். முன்பெல்லாம் தோட்டத்து டிரக்டரில் போனது. அந்த டிரக்டர் ஒருநாள் பட்டறைக்குப் போனது, போனது போனதுதான். அதன்பிறகு அந்தப் பாக்கியம் என் கெப்புக்கு வந்தது. பின்பெட்டியில் மேடை கட்டி, வாழை மரம் நிறுத்தி, கலர் பல்ப் மாட்டி, பல்ப் எரிய ஒரு ஜெனரேட்டரையும் ஏற்றிவிட்டால் அது தேர். முதல் நாள் மாலை வரை கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டை ஏறிய பெட்டி. அம்மன் அதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தின திருவிழாவில்தான் எனக்குப் புதுப் பெயர் கிடைத்தது.

மேல் டிவிசனுக்குப் போகிற வழியில் சவுக்கு மரத்து முடக்கு என்று ஒன்று இருக்கிறது. அந்த வளைவில் வண்டி தன் வாலைத் தானே பார்த்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்துக்கொண்டு, அதே நேரம் செங்குத்தாக ஏறவும் வேண்டும். அன்றைக்குப் பெட்டியில் அம்மன், பூசாரி, ஜெனரேட்டர், போதாததற்குச் சாமிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி நடக்கச் சோம்பல்பட்டு ஏறிக்கொண்ட இளவட்டங்கள். முடக்கில் ஒடித்து மிதித்தேன். முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடைத்த மாதிரியே இருந்தது. பின்னால் நடந்து வந்தவர்கள் தேங்காய்தான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உடைந்தது தேங்காய் இல்லை, முன் அச்சின் மூட்டு. வண்டி பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் நான் சொல்வதைக் கேட்டால் எப்படியும் சிரிப்பார்கள். முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. உருளவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். நேராக வருகிற இரும்புத் தண்டு, கோணலாக நிற்கிற சக்கரத்தைச் சுற்ற வேண்டுமென்றால் நடுவில் மணிக்கட்டு மாதிரி ஒரு ஜொயின்ட் வேண்டும். பழைய வண்டிகளில் அது கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும், எங்கள் பக்கம் குரோஸ் என்போம். சக்கரம் நேராக நிற்கும் வரை குரோஸ் பரம சாது. முழுக்க ஒடித்துவிட்டுப் பாரத்தையும் ஏற்றினால் அதற்குப் பொறுமை போய்விடும். என் குரோஸ் பொறுமையை இழந்தபோது தன்னைப் பிடித்திருந்த இரும்புக் காதையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது.

வண்டியை இனி மேலே ஏற்ற முடியாது. அந்த முடக்கில் திருப்பவும் இடமில்லை. எங்கள் வழக்கப்படி ஏற்றிய சாமியைப் பாதி வழியில் இறக்கக் கூடாது, தோளுக்கும் மாற்றக் கூடாது. கோயிலில் ஏறினால் கோயிலில்தான் இறங்கும். ஆகையால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. உடைந்த துண்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

முடக்குக்கு நேர் மேலே மேல் டிவிசன் பெரட்டுக்களம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற மைதானம் அது. அன்றைக்கு டிவிசன் முழுக்க அங்கே கூடி நின்றது. பெண்கள் கையில் ஆராத்தித் தட்டு. சூடம் ஏற்கெனவே கொளுத்தியாயிற்று. அவர்கள் கண்ணெதிரே அம்மன், அவர்களைப் பார்த்த முகத்தைத் திருப்பாமல், மெல்ல மெல்லப் பின்வாங்கிப் போய்ப் பனிமூட்டத்துக்குள் மறைந்தது. எதையோ கண்டு மிரண்ட மாதிரி. மேளக்காரர்களுக்கு வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியவில்லை. வாசித்துக்கொண்டே அவர்களும் பின்னால் பின்னால் நடந்தார்கள்.

மறுநாள் மச்சான் இறங்கி வந்தான். என் மனைவியின் தம்பி. மேல் டிவிசனில் என்ன நடந்தாலும் கைப்பேசியில் படம் பிடிப்பது அவன் சுயமாக எடுத்துக்கொண்ட பொறுப்பு.

"மச்சான், எங்க டிவிசன்ல அப்பிடி என்னா கொறைய கண்டுச்சாம் சாமி? வந்த வழியிலயே போயிருச்சே."

"முகத்த திருப்பிக்கிட்டா போனுச்சு? ஒங்கள பாத்துக்கிட்டேதானே போனுச்சு."

"அதான் மச்சான் எங்களால தாங்க முடியல."

அதற்குப் பிறகு ஊரில் நான் ரிவர்ஸ்காரர். கடையில் பாண் ரொட்டி வாங்கப் போனால்கூட, "கொஞ்சம் வழி விடுங்கப்பா, அவரு பின்னால வருவாரு" என்றார்கள். நான் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் நல்ல பெயராக யோசித்து வைப்பார்கள் என்கிற பயம்.

வீட்டில்தான் சிரிக்க முடியவில்லை. என் மனைவி மேல் டிவிசன்காரி. அங்கே கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்கள்: அடுத்த திருவிழாவுக்கும் அம்மன் மேலே வராவிட்டால், அவர்கள் தனியாகக் கோயில் கட்டிக்கொண்டு தனியாகத் திருவிழா எடுப்பார்கள், கீழ் டிவிசனோடு பேச்சுவார்த்தை கிடையாது. செய்தி வந்த அன்று அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்பிடி ஆச்சுன்னா நா எந்தத் திருவிழாவுக்குப் போறது?"

"ரெண்டுக்கும் போயேன்."

"எதுல? ஒங்க கெப்புலயா?"

மாவைத் தட்டி ரொட்டியைக் கல்லில் போட்டாள். அவளே மறுபடியும் சொன்னாள். "அம்மன் அந்த முடக்க தாண்டுனாத்தான் நானும் தாண்டுவேன். அது வரைக்கும் எங்கம்மா மூஞ்சிய பாக்க எனக்கு ஏலாது."

சொன்னபடியே செய்தாள். அம்மா வீடு, நடந்தால் மூச்சு வாங்கி முடிவதற்குள் வந்துவிடும். ஆனால் அவள் போகவில்லை. தீபாவளிக்குப் பலகாரத்தை மச்சானிடம் கொடுத்தனுப்பினாள். பொங்கலுக்கும் அப்படியே. மச்சான் வாங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து இரண்டு எட்டு பின்பக்கமாக நடந்து காட்டுவான்.

ஆக, இது ஒரு இரும்புத் துண்டின் கதையாக இருந்தாலும், அந்தத் துண்டின் மேல் ஏறியிருந்த பாரம் அம்மனும் ஜெனரேட்டரும் மட்டுமில்லை.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆராய்ச்சி என்றால் கைப்பேசியில் வீடியோ பார்ப்பது. எங்கெங்கோ பாலைவனங்களில் தாடி வைத்த ஆட்கள் வேண்டுமென்றே பாறை மேல் வண்டியை ஏற்றி, உடைத்து, சந்தோஷப்படுகிறார்கள். எங்கள் ஊரில் அதற்குத் தனியாகப் போக வேண்டியதில்லை, அது பால் வாங்கப் போகிற வழி. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். குரோஸைக் கழற்றிவிட்டு, கிண்ணத்துக்குள் உருண்டைகள் ஓடுகிற மாதிரி ஒரு ஜொயின்ட் இருக்கிறது, அதைத் தடித்த தண்டோடு சேர்த்துப் போடுகிறார்கள். எவ்வளவு ஒடித்தாலும் அது ஒரே சீராகச் சுற்றும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் அப்கிரேட். இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு மாதம் வரை அதைச் சொல்லாமல் நான் ஒரு வாக்கியமும் பேசவில்லை.

"அப்கிரேட் பண்ணப் போறேன்" என்றேன் மனைவியிடம்.

"யாரு ஓட்டப் போறது?"

"நான்தான்."

"அப்ப அப்கிரேட் பாதிதான் ஆகும்."

அட்டனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணனிடம் போனேன், நாங்கள் நானா என்போம். என் கைப்பேசியை வாங்கி வீடியோவைப் பார்த்தார். பாறையில் ஏறிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். வெளியே நிறுத்தியிருந்த என் கெப்பைப் பார்த்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, இது ரெண்டும் ஒரே சாதி வண்டியா?"

"உள்ளுக்குள்ள ஒண்ணுதான் நானா."

"உள்ளுக்குள்ள நாங்க எல்லாருமே ஒண்ணுதான்" என்றார். ஆனாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுத்துக் கொடுத்தார், சத்தியமாக நல்ல சாமான். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த அன்றுகூட நான் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று அவள் சொல்கிறாள். பிள்ளை அழுதது, இது அழவில்லை என்று விளக்கம் சொன்னேன். அது எடுபடவில்லை.

பூட்ட வந்தவர் தலவாக்கலை பாஸ். எங்கள் பக்கம் கைத்தொழில்காரர் எல்லாருமே பாஸ்தான். இவர் வண்டிப் பாஸ். சிங்களவர். தமிழில் திட்டி, சிங்களத்தில் மன்னிப்பார். அவருக்குத் தன் வேலையைப் பற்றி அடக்கமே கிடையாது. தான் பூட்டிய வண்டி உடைந்தால் அது வண்டியின் துரோகம் என்று நினைக்கிறவர்.

கெப்பை ஜாக்கில் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, பழைய தண்டுகளை உருவினார். நான் உதவியாளன். உதவி என்னவென்றால் டோர்ச் பிடிப்பதும், வீடியோவில் வேறு மாதிரி செய்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பதும். கொஞ்ச நேரத்தில் பாஸ் டோர்ச்சையும் வாங்கித் தன் வாயில் கவ்விக்கொண்டார். அது எனக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் வசதியாக இருந்தது.

அவர் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் எனக்கு ஆசை வந்தது. ஒரு பக்கத்தையாவது என் கையால் பூட்டிவிட வேண்டும், பிறகு ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். இடது பக்கத்தில் தண்டைச் செருகினேன். முக்கால்வாசி போய் நின்றுகொண்டது. தள்ளினேன். காலால் உதைத்தேன். கிரீஸ் தடவினேன், அதில் பாதி சட்டைக்குப் போனது. பாஸ் வந்து பார்த்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னா செய்றீங்க?"

"போக மாட்டேங்குது பாஸ். சாமான் பிழை போல."

"சாமான் சரி. பக்கம் பிழை. அது நீட்டு, இது கட்டை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்ல."

முன் அச்சின் பல்சக்கரப் பெட்டி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால், வலது தண்டும் இடது தண்டும் ஒரே நீளம் இருக்காதாம். எந்தத் தாடிக்காரனும் இதைச் சொல்லவில்லை. பாஸ் என்னை வாசல்படிக்கு அனுப்பிவிட்டார். அங்கே மனைவி கேரட் சீவிக்கொண்டிருந்தாள். என் கையில் இரண்டு கேரட்டைக் கொடுத்தாள். ஒன்று நீட்டு, ஒன்று கட்டை. பார்த்துப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

எல்லாம் முடிந்த பிறகு பாஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற குமிழைக் காட்டினார். கையளவு வட்டம், அதில் ஒரு அம்புக்குறி. ஒரு பக்கம் திருப்பினால் லொக், மறுபக்கம் திருப்பினால் ஃப்ரீ. லொக்கில் இருந்தால்தான் தண்டு சுற்றும்போது முன்சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஃப்ரீயில் இருந்தால் உள்ளே தண்டும் ஜொயின்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இருக்காது. தார் ரோட்டில் ஃப்ரீ, மலையில் லொக். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்க் கையால்தான் திருப்ப வேண்டும். இது எனக்கு ஏற்கெனவே தெரியும், என்னுடைய வண்டிதானே. ஆனால் பாஸ் எனக்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். என் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நோனா, இத திருப்ப மறந்தா தங்கத்துல ஜொயின்ட் போட்டாலும் வேல இல்ல. ஹரித?"

"ஹரி பாஸ்" என்றாள் அவள், சரி என்று.

சோதனை ஓட்டத்துக்கு அந்த முடக்குக்கே போனோம். முழுக்க ஒடித்து மிதித்தேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஏறியது. மேலே பெரட்டுக்களத்தைத் தொடாமல், முடக்குக்கு மேலேயே நிறுத்தி இறங்கி வந்தேன். முதலில் அம்மன் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன். பாஸ் என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து திருவிழா வரை ஊரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்லி ஜொயின்டைக் காட்டினேன். முதுகு வலிக்காரர் ஒருவரைக்கூட விடவில்லை.

போன வருஷத் திருவிழாவன்று விடிகாலையில் பூவும் வாழை மரமும் எடுக்கத் தலவாக்கலை போய் வந்தேன். போகிறது தார் ரோட்டு. ஆகவே இறங்கி, ஒழுங்காக, பொறுப்பாக, இரண்டு குமிழையும் ஃப்ரீயில் வைத்தேன். அந்த ஒரு காலையில்தான் நான் பாஸ் சொன்னதை அப்படியே கேட்டது.

திரும்பி வந்ததும் வண்டியைக் கோயில் முற்றத்தில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவதற்குள் கெப் தேராகிவிட்டது. முன்கண்ணாடிக்கு மாலை, பம்பருக்கு மாவிலை, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். சக்கரத்தின் நடுவில் இருந்த குமிழ் இரண்டுக்கும் சந்தனத்தை அள்ளி அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பொட்டு வைத்த நெற்றி மாதிரி இருந்தது. வைத்தது என் மனைவி. விரலில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது.

"புது ஜொயின்டுக்குத்தான்" என்றாள். "அம்மன் பாத்துக்கிரும்."

அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷமாகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அம்புக்குறி சந்தனத்துக்கு அடியில் இருந்தது. என் மூளையும் அதற்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

முடக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பின்சக்கரங்களே இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. லேசாகத் தூறல். பெண்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள், என் மனைவியும் அதில். கோயில் கமிட்டித் தலைவர் முன்னால் நடந்து, வண்டிக்கு வழி காட்டுவதாகக் கையசைத்துக்கொண்டு வந்தார். அது ஒரே ஒரு ரோட்டு. மேலே பெரட்டுக்களத்தில் மேல் டிவிசன் மறுபடியும் ஆராத்தித் தட்டோடு நின்றது. இந்தத் தடவை சூடத்தைக் கொளுத்தவில்லை. அனுபவம். மச்சான் பாறை மேல் ஏறி நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

நான்கு சக்கர கியரைப் போட்டேன். ஸ்டியரிங்கை ஒடித்து மிதித்தேன். வண்டி உறுமியது, பின்சக்கரம் சேற்றை வாரி மேளக்காரர் மேல் அடித்தது, கெப் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி மிதித்தேன். இப்போது அரை அடி பின்னால் நழுவியது. மேலே ஒருவர் "ஆரம்பிச்சிட்டாருப்பா" என்பது எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

"என்னா தம்பி, புது ஜொயின்ட் உள்ளதானே இருக்கு?" என்றார் தலைவர். "எனக்குக்கூட குனிஞ்சு காட்டுனீங்களே."

பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். உடைந்த இரும்பைத்தான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துக் குனிந்தேன். தூறலில் வலதுபக்கக் குமிழின் சந்தனம் கரைந்து ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள் அம்புக்குறி எட்டிப் பார்த்தது. ஃப்ரீ.

முதலில் நிம்மதி, உடனே பீதி. ஜொயின்ட் உடையவில்லை. நான் மிதிக்கும்போதெல்லாம் அது உள்ளே தனியாக, அழகாக, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது நான் செய்ய வேண்டியது குமிழைத் திருப்புவது மட்டும்தான். கீழ் டிவிசன் முழுக்கப் பின்னால், மேல் டிவிசன் முழுக்க மேலே, மச்சானின் கமெரா நடுவில். சாமிக்கு வைத்த சந்தனத்தை வழித்துவிட்டு, மறந்துபோன குமிழைத் திருப்பினால் ரிவர்ஸ்காரர் என்கிற பெயர் போய்விடும். அதைவிட நல்ல பெயர் வந்து உட்காரும். என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் ஓடும்.

அப்போது எனக்கு பக்தி வந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். அப்படியே வலது முன்சக்கரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாகச் சேற்றில் விழுந்தேன். விழுந்த வாக்கில் குமிழைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பவில்லை. சந்தனம் வழுக்கியது. முழங்காலில் எழுந்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, நெற்றியைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து முறுக்கினேன். உடம்பு நடுங்கியது. அது நிஜமான நடுக்கம், குமிழ் அவ்வளவு இறுக்கம்.

"அவருக்கு அருள் வந்துருச்சு" என்றது ஒரு குரல். குலவை கிளம்பியது. மேளக்காரர்கள் சேற்றைத் துடைத்துக்கொண்டு வேகமாக அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் குமிழ் 'க்ளிக்' என்று விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு குமிழ் இருந்தது, இடது பக்கம். வண்டிக்கு முன்னால் போனால் நாலு எட்டில் போய்விடலாம். ஆனால் சாமியை இடமாகச் சுற்றினால் அருள் வந்தவன் என்று யார் நம்புவார்கள்? ஆகவே வலமாக, வண்டிக்குப் பின்னால், முழங்கால் சேற்றில், கும்பிட்டபடி சுற்றி வந்தேன். எனக்குப் பின்னால் தலைவரும் சுற்றினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். இடது சக்கரம் நின்றிருந்தது கானுக்குப் பக்கத்தில், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். வேறு வழியில்லை, கானுக்குள்ளேயே விழுந்தேன். இந்தக் குமிழ் லேசாகத் திரும்பியது. ஆனாலும் சந்தேகம் வரக்கூடாது என்று கொஞ்ச நேரம் கூடுதலாக நடுங்கினேன்.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். முன்சக்கரம் பாறையைக் கவ்வியது. கெப் முடக்கில் அப்படியே திரும்பி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறி, பெரட்டுக்களத்தில் போய் நின்றது.

அங்கே அழாதவர்கள் இல்லை. என் மாமியார் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து அம்மனுக்கு ஊற்ற வேண்டியதில் பாதியை எனக்கு ஊற்றினார். மேல் டிவிசன் பெரியவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில் தனியாகக் கட்டுகிற பேச்சு அந்த இடத்திலேயே நின்றது. மச்சான் பாறையிலிருந்து இறங்கி வந்து, "ஒங்களுக்கு இவ்வளவு பக்தி இருக்குன்னு தெரியாம பேசிப்புட்டேன் மச்சான்" என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. அவனைக் கொஞ்சம் பின்பக்கமாக நடந்து காட்டச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும்.

ஜொயின்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வேலையைப் பார்க்க வந்திருந்த பாஸ் ஒரு ஓரமாகப் பொங்கல் தின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கும்புட்டா ஏறும்னா என்னைய எதுக்குக் கூப்ட்டீங்க?"

அவருக்குப் பதில் சொல்ல ஒரே வழி உண்மையைச் சொல்வது. நான் இன்னும் கொஞ்சம் பொங்கல் வாங்கிக் கொடுத்தேன்.

மாமியார் வீட்டுப் பின்கட்டில் கால் கழுவும்போது மனைவி துண்டோடு வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நிற்கிறாள். மூக்கு சிவந்திருந்தது.

"நா வச்ச சந்தனம் எங்க?"

"மழையில கரைஞ்சிருச்சு."

"கரைஞ்சு ஒங்க நெத்தியிலயா ஏறுச்சு?"

நான் குனிந்து கால் விரல்களைக் கழுவினேன். எல்லா விரலையும் கழுவினேன். அவள் துண்டை என் தலையில் போட்டு, தேவைக்கு மேலேயே அழுத்தித் துவட்டினாள்.

"ஃப்ரீயிலதானே இருந்துச்சு?" என்றாள், துண்டுக்கு வெளியிலிருந்து.

நான் துண்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன்.

"அம்மா உள்ள அழுதுகிட்டு இருக்கு. மருமகனுக்கு அருள் வந்துச்சுன்னு டிவிசன் பூரா சொல்லிக்கிட்டு இருக்கு" என்றாள். "பேசாம இருங்க. சிரிச்சீங்கன்னா தொலைச்சிருவேன்." சொல்லிவிட்டு அவள்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வருஷம் நான் விழித்துக்கொண்டேன். திருவிழாவுக்கு முதல் நாளே பூ எடுத்து வந்து, காலையில் முதல் வேலையாக இரண்டு குமிழையும் லொக்கில் திருப்பினேன். மனைவி வந்து இரண்டு தடவை பார்த்து, அம்புக்குறி வெளியே தெரிகிற மாதிரி சுற்றிவரச் சந்தனம் வைத்தாள். கெப் புறப்பட்டது. முடக்கு வந்தது. ஒரே மிதியில் ஏறிவிடலாம் என்று கியரை மாற்றினேன். தலைவர் வண்டிக்குக் குறுக்கே வந்து கையை நீட்டினார்.

"எறங்குங்க தம்பி."

"ஏன் தலைவரே? வண்டி நல்லாத்தானே போகுது?"

"எப்பிடிப் போவும்? இது விழுந்து கும்புடுற எடமில்லியா?"

ரோட்டோரம் பார்த்தேன். எனக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் காத்திருந்தது. நான் விழுகிற இடத்தில் யாரோ வாழை இலை விரித்து வைத்திருந்தார்கள். மற்ற எல்லா இடமும் சேறு. மச்சான் அதே பாறை மேல், இந்த வருஷம் வாங்கிய புதுக் கைப்பேசியோடு. முகத்தில் அவ்வளவு மரியாதை.

இறங்கி விழுந்தேன். வலமாகச் சுற்றி வந்து கானிலும் விழுந்தேன், அங்கே இலை விரிக்க மறந்திருந்தார்கள். நடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனால் எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. குமிழைப் பிடித்துக்கொண்டு போன வருஷம் மாதிரியே முறுக்கி நடுங்கினேன். எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு திரும்பும்போது கூட்டத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக் கண்ணை விரித்துக்கொண்டிருந்தாள்.

கை தன் பாட்டுக்கு வேலை செய்திருந்தது. அம்பு ஃப்ரீயில் நின்றது. இரண்டு பக்கமும்.

ஏறப் போனவன் நின்றேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். மறுபடியும் விழுந்தேன், மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் கான். இந்தத் தடவை கூட்டமே கூட விழுந்தது. குலவை காதைப் பிளந்தது. என் மனைவி மட்டும் முகத்தை முந்தானையால் முழுக்க மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தடவிக் கொடுத்தார்கள்.

கெப் ஏறியது. அம்மன் போய்ச் சேர்ந்தது. ஆராத்தி எல்லாம் முடிந்து கீழே வந்ததும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கமிட்டியில் பேசிவிட்டார்களாம். அடுத்த வருஷத்திலிருந்து அந்த முடக்கில் சாரதி இரண்டு தடவை விழுந்து கும்பிட வேண்டும்.